பைண்டுக்குள் இருக்கும் கோபுலு



ஓவியர் கோபுலு 2015 ஏப்ரல் 29 அன்று சென்னையில் காலமானார். 1924 ஜூன் 18இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இன்னும் ஐம்பது நாள் இருந்திருந்தால் 91 வயது நிறைந்திருக்கும். அன்றிலிருந்து அவருடைய ரசிகர்கள் அவரை மறக்காமல் நினைத்து வருகிறார்கள். 2024இல் அவருடைய நூற்றாண்டும் வந்துபோனது. அவரைப் பற்றிப் பேச எழுகிறவர்களிடம் மூன்று செய்திகள் தவறாமல் கேட்கலாம். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபாலன் என்ற இளைஞரை, திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்துவரச் சொல்லி விகடன் ஓவியர் மாலி அனுப்பியதும், அவரே ‘கோபுலு’ என்று பெயர் சூட்டியதும் முதல் செய்தி. ஒரு சொல்கூட இல்லாமல் சிரிக்கவைத்த அவருடைய படங்கள் இரண்டாவது. பக்கவாதத்தில் வலக்கை செயலிழந்தபின் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டது மூன்றாவது. மூன்றும் கேட்பவர் மனத்தைத் தொடுகின்றன. ஆனால் மூன்றையும் சொல்லி முடித்த பிறகும் அவர் வரைந்த ஒரு படமாவது அவையோரின் கண்முன் வந்திருக்குமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். ஓர் இதழ் ஓவியரை அவருடைய ரசிகர்கள் நினைவுகூர்வதென்றால், அவர் படங்களை அவை வெளியான பக்கத்தோடும் தேதியோடும் சேர்த்துக் காப்பாற்றி, மற்றவர்கள் பார்க்கும்படி வைப்பதுதான் முதல் வேலை. புகழுரை அதற்குப் பின்னால் வரட்டும். அந்த வேலையைச் செய்யத் தகுந்த இடம் பெருநகரம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களின் ஊர்களில், வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கும் பழைய தொடர்கதைப் பைண்டுகளிலிருந்தே அதைத் தொடங்கலாம். தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் மறைவுக்குப் பின் கிடைக்கும் வாழ்வு ஒன்றாக இல்லை. கோபுலு மறைந்த அதே மாதத்தில், ஏப்ரல் 8இல், ஜெயகாந்தன் மறைந்தார். பாகூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அங்கே மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். அவருடைய கதைகளும் வார இதழ்களில்தான் பெரும்பகுதி வெளிவந்தன. ஆனால் அவை இதழிலிருந்து இறங்கி நூலாகிவிட்டன. எந்த ஊர் நூலகத்திலும் ஜெயகாந்தன் தொகுதி ஒன்றைக் கேட்டு வாங்கலாம். கதைக்கு அப்படி ஓர் இரண்டாம் வீடு உண்டு. கதையோடு வந்த படத்துக்கு அது கிடையாது. தொடர்கதை நூலாகும்போது அச்சுச் செலவு, பக்க அளவு, உரிமை என்று பல காரணங்களால் படங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. சொற்கள் புது அட்டைக்குள் குடியேற, கோடுகள் பழைய தாளிலேயே தங்கிவிடுகின்றன. அந்தத் தாள் எடைக்குப் போடப்பட்ட நாளில் அந்தப் படமும் போய்விடுகிறது. எனவே எழுத்தாளரின் ரசிகருக்கு இல்லாத ஒரு கடமை ஓவியரின் ரசிகருக்கு இருக்கிறது: அவர் காப்பாற்றாவிட்டால் வேறு யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

நல்ல வேளையாக, நம் வாசகர்கள் இந்தக் கடமையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்தவர்கள். வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசை பிசகாமல் அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டிங்குக்குக் கொடுத்து, காலிக்கோ ஒட்டிய கெட்டி அட்டை போட்டு வாங்கி வைப்பது தமிழ்நாட்டிலும் புதுவையிலும் இரண்டு தலைமுறையின் வழக்கம். அந்தப் பைண்டு தெருவெல்லாம் சுற்றும்; அத்தையிடமிருந்து சித்திக்கும், சித்தியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் போகும்; ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வரும். அதைச் சேர்த்தவர்களில் பலர் பெண்கள். அவர்கள் சேர்த்தது கதைக்காகத்தான். ஆனால் கதையோடு படமும், படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்தும், பின்பக்கத்தில் அந்த வாரத்து நகைச்சுவைத் துணுக்கும், சோப்பு விளம்பரமும் சேர்ந்தே வந்தன. ஆவணக் காப்பகம் என்று யாரும் பெயர் வைக்காத காப்பகம் அது. கோபுலுவின் உண்மையான நினைவிடம் இன்றுவரை அதுவாகத்தான் இருக்கிறது.

பக்கத்தோடு சேர்ந்த படம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். ஆனந்த விகடனில் 1950களின் பிற்பாதியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளிவந்தது. எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. ஆனால் பக்கத்தில் இருந்த பெயர் ‘கலைமணி’. படம் கோபுலு. வாரா வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்தவரின் கண் முதலில் விழுந்தது படத்தின் மேல்தான். வாசிப்பு அதற்குப் பிறகு. ஒரு வாரத்துக் கதையில் பத்துக் கட்டங்கள் இருக்கும். அவற்றில் எதை வரைவது, யாருடைய முகத்தைக் காட்டுவது, யாரை முதுகு காட்டி உட்காரவைப்பது என்பதெல்லாம் ஓவியரின் தீர்ப்பு. நாகசுரக்காரரின் உட்காரும் தோரணை, தவில்காரரின் விரல் உறை, ஆடும் பெண்ணின் தலைச்சாமான், கோயில் பந்தலில் கூடிய கூட்டத்தின் கடைசி வரிசை ஆள் வரைக்கும் தஞ்சாவூரில் பிறந்தவரின் கண் அங்கே வேலை செய்தது. இவற்றை எழுத்து ஓரளவுதான் சொல்லும். மீதியைப் படம் சொன்னது. அப்படிப் பார்த்தால் அந்தத் தொடரை எழுதியவர்கள் இருவர்.

பிறகு 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைத் திரைப்படமாக்கினார். சிவாஜி கணேசன், பத்மினி, நாகேஷ் என்ற மூன்று பெருங்கலைஞர்கள் வந்தார்கள். அதன் பிறகு சிக்கல் சண்முகசுந்தரம் என்றால் சிவாஜி முகம், மோகனா என்றால் பத்மினி முகம், வைத்தி என்றால் நாகேஷின் உடல் என்று ஆகிவிட்டது. அது சினிமாவின் வெற்றி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாகேஷ் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே லட்சக்கணக்கான தமிழ் வாசகர்கள் வைத்தியைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் கண்ட வைத்தி எப்படி இருந்தான், எப்படி நின்றான், எப்படிக் குழைந்தான் என்பதை அறிய மூலச் சான்று அந்த விகடன் பக்கங்கள்தான். படங்கள் உதிர்ந்த நூலை வாங்கிப் படித்தால் அது தெரியாது. திரைப்படம் அதை மறைத்துவிட்டது. நம் நாட்டு வாசகர்களின் கற்பனை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்ற வரலாறே அந்தக் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால் மிகையில்லை.

இன்னொரு காரணம் அச்சுத் தொழிலில் இருக்கிறது. அன்றைய இதழ்களில் ஓவியர் வரைந்த படத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் அரித்து, பிளாக் செய்து, எழுத்துக் கோத்த பக்கத்தோடு பூட்டி அச்சடிப்பார்கள். கோட்டு பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. நடுவே சாம்பல் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் ஓவியரே கோடு கோடாக இழைக்க வேண்டும், அல்லது தூரிகையால் ஒரே வீச்சில் கறுப்பை அப்ப வேண்டும். தாளோ மட்டமானது, மை பரவும். நெருக்கி இழைத்தால் எல்லாம் சேர்ந்து கறையாகிவிடும். கோபுலுவின் கோடு ஏன் அவ்வளவு தெளிவாக, தேவைக்கு மேல் ஓரங்குலம் கூடப் போகாமல் நிற்கிறது என்பதற்குப் பாதி விடை அவர் மேதைமை. மீதி விடை இந்த பிளாக்கும் இந்தத் தாளும். தீபாவளி மலரின் வழவழப்புத் தாளில் அவர் வேறு விதமாக வரைந்தார். எது எந்தத் தாளில் வந்தது என்று தெரியாமல் படத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினால், அவர் எதை எதிர்த்து வென்றார் என்பது தெரியாமல் போய்விடும்.

இடக்கைச் செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் அதை மிகுந்த உருக்கத்தோடு சொல்கிறார்கள்; அந்த உருக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரிய வேண்டாமா? வலக்கையால் வரைந்த கடைசிக் காலத்துப் படத்தையும் இடக்கையால் வரைந்த தொடக்கக் காலத்துப் படத்தையும் அருகருகே வைத்து, வளைவு எங்கே நடுங்குகிறது, எங்கே பழைய துணிவு திரும்புகிறது, எதை அவர் கைவிட்டுவிட்டு எதை எளிமையாக்கிக்கொண்டார் என்று பார்த்தால்தான் அது தெரியும். அதற்குத் தேதி வேண்டும். தேதியில்லாத படங்களைக் குவித்து வைத்துக்கொண்டு அந்தப் பெருமையைப் பேசினால், அவர் பட்ட பாட்டை நாம் நம்புகிறோமே தவிரக் காணவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். வார இதழ்ப் படம் என்பது கூலிக்குச் செய்த வேலைதானே, ஆசிரியர் சொன்னதை, அந்த வாரத்துக்குள், கொடுத்த இடத்துக்குள் வரைந்தது. அதை ஏன் கலை என்று தூக்கிவைத்துக் காக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்குப் பதில் சொல்வது எளிது, ஏனென்றால் பதில் பிரான்சில் இருக்கிறது. ஹொனோரே தோமியே என்ற ஓவியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரிஸ் செய்தித்தாள்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தே கழித்தார். லித்தோ கல்லில் அவர் வரைந்து அச்சானவை ஏறத்தாழ 4,000. மன்னர் லூயி பிலிப்பைக் கேலி செய்த ஒரு படத்துக்காக 1832இல் சிறைக்குப் போனார். எல்லாம் கெடுவுக்குள், காசுக்காக, கரடுமுரடான செய்தித்தாளுக்காகச் செய்த வேலை. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அதே தாள்களைத்தான் வைத்திருக்கின்றன. அச்சாகும் ஒவ்வொன்றிலும் ஒரு படி அரசு நூலகத்துக்குத் தர வேண்டும் என்ற விதியை பிரான்ஸ் 1537லேயே தொடங்கி, பின்னர் படங்களுக்கும் விரித்தது. தோமியேயின் மேதைமை ஒரு பக்கம் இருக்க, தாள் தங்கியதால்தான் அந்த மேதைமையை மற்றவர்கள் கண்டுகொண்டார்கள். கூலிக்குச் செய்தது என்பதால் தாழ்வு என்றால், கோயில் தூணில் சிற்பம் செதுக்கியவரையும் நாம் அந்தக் கணக்கில் தள்ள வேண்டியிருக்கும்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகை 1906இல் சென்னையில் தொடங்கி, அடக்குமுறையால் 1908இல் புதுச்சேரிக்கு வந்து, 1910 மார்ச்சில் நின்றது. தமிழில் அரசியல் கருத்துப்படத்தை முதன்முதலாக வாரந்தோறும் முன்னிறுத்திய பத்திரிகை அது. படங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்று ஓர் இதழ் நடத்தவும் பாரதி எண்ணியிருந்தார். அந்தப் படங்களை நாம் இன்று பார்க்க முடிவதற்குக் காரணம், எங்கெங்கோ தப்பிப் பிழைத்த இதழ்ப் படிகளைத் தேடிப் பிடித்து, ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் தொகுத்து நூலாக்கியதுதான். எண்பது ஆண்டுக்கு மேல் அவை நம் கண்ணில் படாமல் கிடந்தன. இந்த நூலிலும் நமக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் பாரதியுடையதுதான். வரைந்த கையின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? படிகள் சிதறினால் முதலில் தொலைவது ஓவியரின் பெயர்தான். கோபுலுவுக்கு அந்த நிலை வராது என்று நாம் மெத்தனமாக இருக்க முடியாது. அவர் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போய், 1972இல் ‘ஆட் வேவ்’ என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். விளம்பரத்தில் கையெழுத்துக்கு இடமில்லை. குங்குமம் இதழின் சின்னமும் சன் டிவியின் சின்னமும் அவர் வடிவமைத்தவை. எத்தனை வீடுகளில் அவர் கோடு தினமும் ஒளிர்ந்தது. எத்தனை பேருக்கு அது அவருடையது என்று தெரியும்?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நான் அதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. கோபுலுவின் உலகம் யாருடைய உலகம்? திண்ணை, ஊஞ்சல், மடிசார், கச்சேரி, ஜானவாசம், அலுவலகக் குமாஸ்தா என்று தஞ்சாவூர் அக்கிரகாரத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே சுற்றிவந்த உலகம். கரும்பு வெட்டுகிறவரும் நாற்று நடுகிறவரும் பஞ்சாலைத் தொழிலாளியும் வாழும் ஊர்களில் அவரை நினைக்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானது. சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ 1963இல் அவர் படங்களோடு வந்தது. அமெரிக்கச் சீமாட்டி புடவை கட்டியும் அங்கே அப்பளம் காய்ந்தும் கண்ட அந்தச் சிரிப்பு ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் கல்யாணச் சடங்கை மையமாக வைத்ததுதான். இதை மறுப்பது நேர்மையாகாது. அந்தக் கால வார இதழ்களில் உழைக்கும் மக்கள் பெரும்பாலும் கதையின் ஓரத்தில் நின்றார்கள். படத்திலும் ஓரத்தில் நின்றார்கள்.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவும் பக்கங்கள் வேண்டும் அல்லவா? எந்த ஆண்டில் வேலைக்காரர் எப்படி வரையப்பட்டார், எப்போது அவருக்கு முகமும் பேச்சும் வந்தன, கிராமத்து ஆளை வேடிக்கைப் பொருளாக வரைந்தது எப்போது குறைந்தது என்று ஆராய விரும்புகிற மாணவிக்கும் நாம் பைண்டைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். புகழ்கிறவருக்கும் விமரிசிக்கிறவருக்கும் சான்று ஒன்றே. அது தவிர, ஓர் இதழ் எங்கே அச்சானது என்பதும் யாரைப் பற்றி எழுதியது என்பதும் மட்டும் அதன் வரலாறு ஆகிவிடாது. யார் வாசித்தார்கள் என்பதும் வரலாறுதான். சிற்றூர்களில் ஒரு படியைப் பலர் படித்தார்கள். முடிதிருத்தும் நிலையத்தில், தேநீர்க் கடையில், ஊர்ப்புற நூலகத்தில் விகடனைப் புரட்டியவர் தம் உலகத்தை அதில் காணாவிட்டாலும், படம் பார்க்கும் பழக்கத்தை அதிலிருந்துதான் பெற்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் சொல் இல்லாத ஜோக்கைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. வார்த்தையில்லா நகைச்சுவைப் படத்தின் பெருமையை நான் அங்கேதான் காண்கிறேன். அதற்குப் படிப்பு தேவையில்லை. முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண் போதும்.

கோபுலு மறைந்த காலத்தையொட்டி மறைந்த வேறு இரு ஓவியர்களோடு ஒப்பிட்டால் அவரை நினைப்பதில் உள்ள தனிச் சிக்கல் விளங்கும். தெலுங்கின் பாப்பு 2014 ஆகஸ்ட் 31இல் சென்னையில் மறைந்தார். அவருடைய கையெழுத்தே தெலுங்கில் ஓர் எழுத்துருவாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கூட அவரைத் தினமும் தொடுகிறார். ஆர்.கே. லட்சுமண் 2015 ஜனவரி 26இல் மறைந்தார். அவருடைய ‘சாமானியன்’ 1988இலேயே தபால்தலையில் ஏறினான். புனேயில் சிலையாகவும் நிற்கிறான். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரே உருவம் அரை நூற்றாண்டுக்கு மேல் வந்ததால் சிலை வைப்பது எளிதாயிற்று. கோபுலுவிடம் அப்படி ஒற்றை உருவம் இல்லை. துப்பறியும் சாம்புவை அவர் வரைந்தார் என்றாலும், எழுத்தாளர் தேவனின் அந்தப் பாத்திரத்துக்கு முதலில் உருவம் கொடுத்தவர் ராஜு. கோபுலுவின் பெரிய பாத்திரம் கூட்டம்: ரயில் பெட்டியிலும் பந்தியிலும் தேர்த் திருவிழாவிலும் நெருக்கியடிக்கும் மனிதர்கள், ஒவ்வொருவரும் தனி முகத்தோடு. கூட்டத்துக்குச் சிலை வைக்க முடியாது. பக்கங்களைத்தான் வைக்க முடியும்.

பக்கங்களை வைத்துக் காட்டிய ஊர்கள் உண்டு. கேரளத்தில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிறந்த காயங்குளத்தில் அவர் பெயரில் கேலிச்சித்திர அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் டில்லியில் வாழ்ந்து ‘சங்கர்ஸ் வீக்லி’ நடத்தியவர். ஆனாலும் நினைவு ஊருக்குத் திரும்பியது. கோவாவில் 2011இல் மறைந்த ஓவியர் மரியோ மிராண்டாவின் ஆயிரக்கணக்கான படங்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியவர் ஒரு கட்டடக் கலைஞர். அவர் மரியோவின் ரசிகர்.  பிரான்சிலோ, அங்குலேம் என்ற சிறு நகரம் 1974 முதல் படக்கதைத் திருவிழா நடத்தி, படக்கதைக்கென்றே அருங்காட்சியகமும் நூலகமும் கட்டி, தெருச் சுவர்களில் படங்கள் வரைந்து, அந்தத் துறைக்குத் தலைநகரம் என்று பெயர் வாங்கிவிட்டது. அது பாரிஸிலிருந்து வெகு தொலைவு. சிறிய ஊரால் முடியாது என்று யாராவது சொன்னால் அங்குலேமில் உறவினர் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

சரி, சட்டப்படி இதழ்ப் படிகள் ஏற்கெனவே காக்கப்படுகின்றனவே என்று ஒரு கேள்வி எழலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டாண்டு கழித்து இதழ்களுக்கும் விரிந்து, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் படி அனுப்பச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் விகடனில் கோபுலு வரையத் தொடங்கியது 1940களில். சட்டம் அதற்குப் பின்னால் வந்தது. மேலும், ஓரிடத்தில் ஒரு படி இருப்பதால் மட்டும் ஒன்று காக்கப்பட்டுவிடாது. மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே மஞ்சளித்து நொறுங்கும். ஒரு படியில் போன பக்கம் இன்னொரு படியில்தான் கிடைக்கும். அதனால் எத்தனை இடங்களில் எத்தனை படி என்பதுதான் பாதுகாப்பு. கைப்பேசியிலேயே எல்லாம் வருகிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே வரும் படத்தில் ஓரம் வெட்டப்பட்டிருக்கும். வெட்டும்போது முதலில் போவது கையெழுத்து. எந்த இதழ், எந்த வாரம், எந்தக் கதை என்பது இருக்காது. மாலியின் படம் கோபுலு பெயரில் உலவினாலும் யாரும் தடுக்க முடியாது.

கிராமத்தில் வைத்தால் கரையானும் இராமபாணப் பூச்சியும் அரித்துவிடும், மழை கொண்டுபோய்விடும் என்ற அச்சம் பொய்யில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தக் கரையைத்தான் அடித்தது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் புகுந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் தூக்கி வைப்பது அரிசியையும் பத்திரத்தையும். பழைய பைண்டை யாரும் தூக்க மாட்டார்கள், தூக்கவும் வேண்டியதில்லை. ஆகவே அரிதான படிகளை, உடையவர் சம்மதித்தால், குளிரூட்டிய அறையும் நுண்படச் சுருளும் உள்ள இடத்துக்கு அனுப்புவதே முறை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதன் மூலத் திரட்டைச் சேர்த்தவர் யார் என்பதை நினைவில் வையுங்கள்: செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் முத்தையா. பட்டம் பெற்ற அறிஞர்கள் கவனிக்காததை ஊரில் இருந்த ஒரு பலகை ஓவியர் தம் காசில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கி, 1994இல் நூலகமாக்கியது. நகரத்து நூலகமே கிராமத்துப் பரணிலிருந்து பிறந்தது.

எனவே எல்லாவற்றையும் இங்கேயே பூட்டி வைப்போம் என்று நான் சொல்லவில்லை. இங்கே இருக்க வேண்டியது பட்டியல். யார் வீட்டில் என்ன தொடர், எந்த ஆண்டு, எத்தனை பக்கம் குறைவு என்ற பட்டியல் கொம்யூன் அளவில் இருந்துவிட்டால், வெள்ளத்துக்குப் பிறகும் எதை இழந்தோம் என்பதாவது தெரியும். இரண்டு மூன்று வீடுகளில் ஒரே தொடர் இருந்தால் ஒன்று வெளியே போகலாம், ஒன்று ஊரிலேயே வாசிப்புக்கு இருக்கலாம். புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறைக்குப் பல ஊர்களில் கிளை நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓர் அலமாரி கேட்பது பெரிய கோரிக்கை ஆகாது. படிப்பதற்கென்று ஊரில் ஓர் இடம் வைத்துக்கொள்வது இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. செப்பேடு தங்கியதால் நமக்கு அந்தக் கல்விச்சாலை தெரிகிறது.

பதிப்புரிமை தடுக்காதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டத்தில் ஓவியரின் உரிமை அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அவருடைய கையில் உரிமை தங்கிய படங்களுக்கு அது 2075 முடிய. இதழில் பணியாற்றியபோது வரைந்தவற்றில் இதழுக்கும் உரிமை உண்டு. ஆகவே படங்களை நாமே நூலாக்கி விற்கவோ எல்லோருக்கும் நகலெடுத்துப் பரப்பவோ கூடாது. அது ஓவியரின் வாரிசுகளுக்கும் இதழுக்கும் செய்யும் தவறு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய இதழை அலமாரியில் வைத்துப் பிறருக்குக் காட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதைப் பார்த்துக் குறிப்பெடுக்கவும், ஆராயவும், விமரிசனம் எழுதவும் சட்டம் இடம் தருகிறது. பட்டியல் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

பட்டியலில் எழுத வேண்டியவை அதிகமில்லை. இதழின் பெயர், தேதி, பக்க எண், கதையின் தலைப்பு, எழுத்தாளரின் பெயர், படத்தில் கையெழுத்து இருக்கிறதா, கறுப்பு வெள்ளையா வண்ணமா. தேதி கிழிந்துபோயிருந்தால் பின்பக்கத்து விளம்பரத்தையோ சினிமாச் செய்தியையோ வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான துப்பறியும் வேலை கிடைக்காது. கையெழுத்து இல்லாத படத்தை, எவ்வளவு தெளிவாக அவர் கோடாகத் தெரிந்தாலும், கோபுலு என்று எழுதாமல் ‘கையெழுத்து இல்லை’ என்றே எழுத வேண்டும். அவருடைய படம் என்று நாம் ஆசைப்படுவது வேறு ஒருவரின் பெயரைத் துடைத்துவிடக் கூடாது. அதே பைண்டில் ஓவியர்கள் ராஜுவும் சில்பியும் சாரதியும் இருப்பார்கள். அவர்கள் பெயரையும் அதே பட்டியலில் ஏற்றிக்கொள்ளலாம்.